ரொறன்ரோவில் குளிர்கால நாளை வெளியே கழிக்க எதைத் தெரிவுசெய்வது: நடையா, ஸ்கேற்றிங்கா, சறுக்குவண்டியா, ஸ்கீயா?

கனடா விசா கைக்கு வந்ததும் கொழும்பு வீடுகளில் தொடங்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா, "வந்தால் ஒருநாள் ஸ்கீ போகலாம், இப்போதே பதிந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார். பிள்ளைகள் அதற்குள் காணொளிகளைப் பார்த்து முடித்திருப்பார்கள். அம்மம்மாவோ, பனியை யன்னல் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தாலே போதும் என்கிறார். பணத்தைக் கணக்கிடவேண்டியவர் இவர்களுக்கு நடுவே நிற்கிறார். இந்த நிலையில் வாசகர்கள் எழுதிக் கேட்பது சுருக்கமான கேள்விதான்: இரண்டு மூன்று வாரமே தங்கப்போகிறோம், பனியை முன்னர் கண்டதில்லை, வெளியே சென்று செய்வதற்கு எதைத் தெரிவுசெய்தால் காசும் நாளும் வீணாகாது?

ரொறன்ரோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு உறவினர் இருப்பது அங்கேதான். ஒஸ்லோவுக்கோ சூரிச்சுக்கோ போகிறவர்களுக்கு அளவுகோல்களும் உடை பற்றிய பகுதியும் பொருந்தும்; இடங்கள் பொருந்தா. என் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறை போகிறவர், அன்று காலையில் தீர்மானித்து அன்றே செய்யக்கூடியவற்றை முதலில் வைக்கவேண்டும். வாரக்கணக்கில் முன்பதிவு கேட்கும் பெரிய பயணங்களைக் கடைசியில் வைக்கவேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது.

எதைக்கொண்டு அளப்பது

ஐந்து அளவுகோல்கள் போதும். முதலாவதே மற்ற நான்கையும் ஆள்வதால் அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

அந்த முதலாவது அளவுகோல், ஒரு பயணத்தை அன்று காலை வானிலையைப் பார்த்து முடிவுசெய்யலாமா, வேண்டாமென்றால் இழப்பின்றிக் கைவிடலாமா என்பது. வெப்பநாட்டவர்களாகிய நாம் குளிர்காலத்தைத் தொடர்ந்து பனி மூடிக்கிடக்கும் ஒரே சீரான பருவமாக எண்ணிக்கொள்கிறோம். ரொறன்ரோவில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை சராசரியாகப் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயும், இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை செல்சியஸ் அளவிலும் இருக்கும். ஆனால் பயணிக்குச் சராசரியால் பெரிய பயன் இல்லை. செவ்வாய்க்கிழமை 5 பாகையில் மழை பெய்து தெருவெல்லாம் சேறும் நீருமாக இருக்கும். வெள்ளிக்கிழமை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் அதே சேறு கல்லாக உறைந்து கிடக்கும். ஆண்டொன்றுக்கு நகரில் விழும் பனி ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர்தான். ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து ஈரத்தை அள்ளிவரும் காற்று அதை வடக்கேயுள்ள பாரி, கொலிங்வூட் ஊர்ப் பக்கங்களில் பனியாகக் கொட்டிவிடுகிறது. நகரம் அந்தப் பனிப்பட்டைக்குத் தெற்கே கிடக்கிறது. விழுந்த பனியும் சில நாட்களில் உருகிப்போவது வழமை. ஆகவே புதுப்பனியும் வெயிலும் காற்றில்லாத வானமும் ஒருசேர அமையும் நாட்கள், மூன்று வாரம் தங்குகிறவருக்கு மிகச் சிலவே வாய்க்கும். அவை எப்போது வரும் என்பதைக் கொழும்பில் இருந்துகொண்டு எவராலும் சொல்லமுடியாது.

இரண்டாவது, வெளியே நிற்கும் நேரத்தில் உடல் அசைகிறதா என்பது. குளிரை வெப்பமானியின் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றும் வீசினால், கனடிய வானிலைத் திணைக்களம் 2001 முதல் பயன்படுத்திவரும் காற்றுக்குளிர் சுட்டெண்ணின்படி அது பூச்சியத்துக்குக் கீழே 20 போல உடலில் உறைக்கும். அந்தச் சுட்டெண் பூச்சியத்துக்குக் கீழே 28ஐத் தொட்டுவிட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி படிந்திருப்பதைக் கண்டவர்கள் அதை வைத்து இதைக் கற்பனை செய்யக்கூடாது, ஏனெனில் அங்கே காலை வெயில் ஏறியதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: பூச்சியத்துக்குக் கீழே 8 பாகையில் மேடேறி நடப்பவருக்கு வியர்க்கும், பூச்சியத்துக்குக் கீழே 2 பாகையில் அரைமணிநேரம் நின்று வேடிக்கை பார்ப்பவருக்குக் கால்விரல் மரத்துப்போகும். குளிர்காலத்தில் மிகவும் குளிரான வேலை, மற்றவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். பெரியவர்களை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதை முன்கூட்டி யோசிப்பதே இல்லை.

மூன்றாவது, மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போகமுடியுமா என்பது. நான்காவது செலவு. நுழைவுக் கட்டணத்தோடு அது முடிவதில்லை. உடை, வாடகை, வாகனத் தரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்காரரின் நேரம் ஆகியவையும் அதில் சேரும். சித்தப்பா வாரத்தில் ஐந்தரை நாள் வேலை செய்கிறவராக இருந்தால், இரண்டு மணிநேரம் கார் ஓட்டிப்போய் இரண்டு மணிநேரம் திரும்பி வரும் பயணம் அவருடைய ஒரே ஓய்வு நாளைத் தின்றுவிடும். அவர் இதைச் சொல்லமாட்டார். நாம்தான் கணக்கில் எடுக்கவேண்டும். ஐந்தாவது, காயமும் காப்புறுதியும். ஒன்ராறியோ மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி விசாவில் வந்துபோகிறவர்களுக்குக் கிடையாது. மணிக்கட்டு முறிந்தால் வைத்தியசாலைச் செலவு முழுவதும் நம்முடையது.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறையைக் கருதிக் கொழும்பிலிருந்து பெரும்பாலானோர் டிசம்பரில்தான் போகிறார்கள். அந்த மாதத்தின் கடைசி வாரங்களில் அங்கே பகல் ஒன்பது மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு, மாலை 4.50 அளவில் சூரியன் மறைந்துவிடும். தரையில் பனியே இல்லாமல் நத்தார் கழிந்துபோவதும் உண்டு. பெப்ரவரி 20ஆம் திகதியளவில் பகல் பத்தே முக்கால் மணிநேரமாக நீண்டிருக்கும். பனியும் தங்கி நிற்கும் வாய்ப்புக் கூடுதல். பிள்ளைகளின் பள்ளி தடையாக இல்லாதவர்கள் பெப்ரவரியைத் தெரிவுசெய்வதே நல்லது. டிசம்பரைத் தவிர்க்கமுடியாதவர்களுக்கு, கீழே வரும் தெரிவுகளில் நடையும் ஸ்கேற்றிங்கும் விழும் பனியை நம்பி இருப்பதில்லை.

எல்லாத் தெரிவுக்கும் பொதுவான செலவு: உடை

கொழும்பில் ஏற்றுமதி மிகுதி ஆடைகள் விற்கும் கடைகளில் தடித்த ஜக்கெற் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவதில் தவறில்லை. சப்பாத்தை மட்டும் இங்கிருந்து வாங்கிச் செல்லவேண்டாம். இங்கே கிடைப்பவற்றின் அடிப்பகுதி பெரும்பாலும் கடும் குளிரில் விறைத்து வழுக்கும். அங்கே தெருவில் தூவும் உப்பு தோல் சப்பாத்தை வெள்ளைக் கோடு கோடாகக் கெடுத்துவிடும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் பிள்ளைகள் வளர்ந்த எந்த வீட்டின் பேஸ்மென்ற்றிலும் அளவு சிறுத்துப்போன பூட்ஸ், பனிக்காற்சட்டை, கையுறை எல்லாம் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே எல்லோருடைய கால் அளவையும் அனுப்பி, அங்குள்ள உறவினர் நாலைந்து வீடுகளில் கேட்டுச் சேர்த்துவைக்கச் சொன்னால், உடைச் செலவில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். மீதியை வால்யூ வில்லேஜ் போன்ற பழைய பொருட் கடைகளில் பார்க்கலாம்.

உடுத்தும் முறையில் மூன்று அடுக்கு வேண்டும்: உடலோடு ஒட்டியது வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழையாகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்கவேண்டும், நடுவில் சூட்டைப் பிடிக்கும் ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத மேலங்கி. பருத்திப் பெனியனும் ஜீன்ஸும் நம் நாட்டுக்கு எவ்வளவு ஏற்றவையோ அவ்வளவுக்கு அங்கே பகை. வியர்வையையும் பனிநீரையும் குடித்துக்கொண்டு உடலைக் குளிரவைக்கும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு சோடி காலுறை போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் முன்னரைவிட அதிகம் குளிரும் என்பது பலருக்கு அனுபவத்தில்தான் தெரியவருகிறது. சேலை உடுத்தும் அம்மாமார் உள்ளே நீண்ட உள்காற்சட்டையும், காலில் முழங்கால்வரை வரும் பூட்ஸும் போட்டுக்கொண்டால் குறுகிய நடைக்குப் போதும். சறுக்குவண்டிக்குச் சேலை வேண்டாம். கைத்தொலைபேசியை மேலங்கிக்கு உள்ளே வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் குளிரில் மின்கலம் திடீரென்று இறங்கி அணைந்துவிடும்.

நடை

தெரிவுகளில் மிக மலிவானது, மிகவும் குறைத்து மதிக்கப்படுவதும் அதுவே. ரொறன்ரோ நகருக்குள் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மரங்களோடு ஊடுருவிக் கிடப்பதால், அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் ஏறிச் சில நிறுத்தங்களில் காட்டுக்குள் இறங்கிவிடலாம். ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. விலங்கினச்சாலைக்கு அருகிலிருந்தே பாதைகள் தொடங்குகின்றன. இலையற்ற மரங்களுக்கிடையே பனியின்மேல் சிவப்புக் கார்டினல் பறவை ஒன்று வந்து அமர்ந்தால், அதைப் பார்ப்பதற்குப் பறவை நோக்குநராக இருக்கத் தேவையில்லை. வேறு எதிலும் நிறம் இல்லாத இடத்தில் கண் தானாகவே அங்கே போகும். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இன்னொரு காட்சி உண்டு. வடதுருவப் பகுதியில் கோடையைக் கழிக்கும் நீள்வால் வாத்துகள் குளிர்காலத்துக்கு இந்த ஏரிக்கு இறங்கி வருகின்றன. ஊசிவால் வாத்துகளுக்கு மன்னார் எப்படியோ, இவற்றுக்கு ரொறன்ரோ அப்படி. நாம் குளிர் என்று நடுங்கும் ஊர் அவற்றுக்குத் தென்திசை அடைக்கலம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றே: சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்வலை. இரப்பர்ப் பட்டியில் உலோக முனைகள் பதித்த இதைக் கனேடியன் டயர் போன்ற கடைகளில் வாங்கலாம். பெரியவர்களுக்கு இது இல்லாமல் வெளியே போகவே கூடாது என்பது என் கருத்து, ஏனெனில் ஆழமான பனியைவிட, நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய உறைநீர்ப் படலம்தான் இடுப்பெலும்பை முறிப்பது. கடைக்குள் நுழையும்போது அதைக் கழற்றவும் வேண்டும், ஓடு பதித்த தரையில் அது இன்னும் மோசமாக வழுக்கும்.

நடைக்கு உகந்த நேரம் காலை பதினொன்று முதல் பிற்பகல் இரண்டுவரை. இரவு பெய்த பனிக்குப் பின் வெயில் எறிக்கும் நாள் தலைசிறந்தது; தரையைத் தொட்டதும் உறையும் உறைமழை பெய்த மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஸ்காபரோ ஏரிக்கரையிலுள்ள பிளஃபர்ஸ் பார்க் பக்கத்து மண்மேடுகளின் விளிம்புக்கு எந்தப் பருவத்திலும் நெருங்கிப் போகக்கூடாது. குளிர்காலத்தில் அதற்கு இன்னுமொரு காரணம் சேர்கிறது, பனி மூடிய இடத்தில் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. ஆஸ்துமா உள்ளவர்கள் கழுத்துப்பட்டியால் வாயை மூடி மூக்கால் சுவாசித்து, மருந்துக் குழலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இது மட்டும் திருப்திப்படுத்தாது. அதைத் தவிர நடைக்கு எதிராகச் சொல்ல எதுவும் இல்லை.

ஸ்கேற்றிங்

ரொறன்ரோ மாநகரசபை ஐம்பதுக்கும் மேற்பட்ட திறந்தவெளிப் பனித்தளங்களை நடத்துகிறது. நவம்பர் இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, அனுமதி இலவசம். தளத்துக்கு அடியில் குளிரூட்டும் குழாய்கள் ஓடுவதால் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் போனாலும் தளம் உறைந்தே இருக்கும். மழையோ மிக இளஞ்சூடான நாளோதான் மூடவைக்கும். இதுவே ஸ்கேற்றிங்கின் பெரிய பலம். நகர மண்டபத்துக்கு முன்னாலுள்ள நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்தில் கோடையில் நீர்த்தடாகமாக இருப்பதே குளிர்காலத்தில் தளமாகிறது. ஸ்காபரோவிலேயே, ரவுண் சென்ரருக்கு அடுத்த அல்பர்ட் காம்பெல் சதுக்கத்திலும் ஒன்று உண்டு.

அங்குள்ளவர்கள் சொல்ல மறக்கும் விடயம், ஸ்கேற் சப்பாத்தை வாடகைக்குத் தரும் தளங்கள் ஒருசிலவே என்பது. நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கம் அவற்றுள் ஒன்று. குடியிருப்புப் பகுதிகளிலுள்ள தளங்களில் பெரும்பாலும் சொந்தமாகக் கொண்டுபோகவேண்டும். ஒருநாள் பார்த்துவரவென்றால் நகர மையத்தில் வாடகைக்கு எடுக்கலாம். பலமுறை போகும் எண்ணம் இருந்தால் பழைய பொருட் கடையில் ஒரு சோடி வாங்குவது இலாபம். வாங்கும் சோடியின் கத்தியைக் கூர்தீட்டிக்கொள்ளவும் வேண்டும், மழுங்கிய கத்தியில் கைதேர்ந்தவரும் தடுமாறுவார்.

முதல்நாள் தோல்விக்குக் காரணம் அநேகமாக நாடாதான். நம்மவர்கள் ஓட்டச் சப்பாத்தைக் கட்டுவதுபோல் தளர்வாகக் கட்டிக்கொண்டு தளத்தில் இறங்குகிறார்கள்; கணுக்கால் இருபுறமும் மடிந்து, கால் மணிநேரத்தில் வலி தொடங்கி, "இது நமக்குச் சரிவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விரல் பக்கத்தில் சற்றுத் தளர்வாகவும், பாதம் மடியும் இடத்திலிருந்து கணுக்கால்வரை ஒவ்வொரு துளையிலும் இழுத்து இறுக்கியும், மேலே மீண்டும் முழங்கால் மடங்குமளவு தளர்வாகவும் கட்டவேண்டும். எழுந்து நின்றால் குதிகால் உள்ளே அசையக்கூடாது. பழகிய ஒருவர் குனிந்து கட்டிவிடுவதே நல்லது. தளத்தில் முழங்காலை மடித்து, பார்வையைக் காலில் வைக்காமல் முன்னே வைத்து, சிறு அடிகளாக நடக்கத் தொடங்கலாம். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை ஊன்றாமல் பக்கவாட்டில் இடுப்பின்மேல் சரிவது மணிக்கட்டைக் காப்பாற்றும். தலைக்கவசமும் கையுறையும் எல்லா வயதினருக்கும் வேண்டும்.

விருந்தினராகப் போகிறவருக்கு மட்டும் உரிய ஒரு சலுகையும் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் பள்ளியிலும் பெரியவர்கள் வேலையிலும் இருக்கும் சாதாரண நாளின் முற்பகலில் தளம் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். பழகுகிறவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. வீட்டுக்காரரின் ஓய்வு நாளையும் தொடவேண்டியதில்லை, பஸ்ஸிலேயே போய்வரலாம். கொழும்பிலிருந்து போனவர்கள் பத்தரை மணிநேர நேர வேறுபாட்டால் முதல் வாரம் முழுவதும் விடியுமுன்னரே விழித்திருப்பார்கள் என்பதும் இதற்கு வசதிதான்.

சறுக்குவண்டி

இதற்குத் திறமையோ பயிற்சியோ தேவையில்லை. பிளாஸ்ரிக் தட்டோ பலகையோ ஒன்றும், பனி மூடிய சரிவும் போதும். செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் கிடைக்கும் சிரிப்பைக் கணக்கிட்டால் மற்ற எதுவும் இதற்கு அருகில் வராது. வீட்டுக்காரரிடம் பழையது ஒன்று இல்லாவிட்டாலும் புதிதாக வாங்குவது பெரிய தொகை அல்ல. நான்கு வயதுப் பிள்ளையும் நாற்பது வயதுத் தகப்பனும் ஒரே வண்டியில் இறங்கலாம். மீண்டும் மேலேறும் ஏற்றமே உடலைச் சூடாக வைத்திருக்கும். அம்மம்மாவுக்கு மட்டும் இடம் இல்லை. அவரை மேட்டின் உச்சியில் நிறுத்திவைக்காமல், காரைச் சரிவு தெரியும் இடத்தில் தரித்து உள்ளே சூட்டோடு இருக்கவைப்பதே முறை.

இதன் பலவீனம், முதலாவது அளவுகோலை வேறெதையும்விடக் கடுமையாகச் சார்ந்திருப்பது. பனி விழுந்த முதல் ஒன்றிரண்டு நாட்களே பொன்னான நேரம். அதன்பின் பலர் சறுக்கி அழுத்திய சரிவு உருகி, இரவில் உறைந்து, கண்ணாடிபோல் ஆகிவிட்டால் வண்டியை நிறுத்தமுடியாது. காயங்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. ஆகவே பனி பெய்கிறது என்று தெரிந்த அன்று மற்றத் திட்டங்களை ஒதுக்கிவைத்து மேட்டுக்குப் போகவேண்டும். முன்பதிவு செய்த வேறொரு பயணம் அதே நாளில் குறுக்கே நிற்கும்போதுதான் முன்பதிவின் உண்மையான விலை தெரியும்.

எந்த மேடு என்பதிலும் கவனம் வேண்டும். 2024 ஜனவரியில் மாநகரசபை 45 மேடுகளில் சறுக்குவதைத் தடைசெய்து அறிவிப்புப் பலகை நாட்டியது. மரம், வேலி, கம்பம், தெரு ஆகியன அருகில் இருப்பதே காரணம். சித்தப்பாவின் பிள்ளைகள் சிறுவயதில் சறுக்கிய மேடு இப்போது அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்பதால் மாநகரசபையின் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சரிவின் அடியில் நீண்ட வெறும் சமதரை இருப்பதே நல்ல மேட்டின் அடையாளம். உட்கார்ந்து காலை முன்னே நீட்டியே இறங்கவேண்டும். தலை முன்னே இருக்கக் குப்புறப் படுத்து இறங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தொங்கும் கழுத்துச் சால்வை வண்டியில் சிக்கும், அதற்குப் பதில் குழாய் வடிவக் கழுத்துப்பட்டியைப் பிள்ளைகளுக்குப் போடுங்கள். பனிக்காற்சட்டை கட்டாயம். நூல் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்து பனிக்கட்டியாகிவிடும். நீர் புகாத கையுறை ஒரு சோடி போட்டு, இன்னொன்று பையில் இருக்கட்டும்.

ஸ்கீ

எல்லோருடைய ஆசையும் இதன்மேல்தான். அதனால்தான் இதன் கணக்கைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. கொலிங்வூட்டை அடுத்த புளூ மவுண்டன் என்ற ஸ்கீ மலை ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம். வெள்ளி மாலை, ஞாயிறு மாலைகளில் 400ஆம் இலக்க நெடுஞ்சாலை அதை மூன்றாக்கும். உச்சியிலிருந்து அடிவாரம்வரை மலையின் சறுக்கு உயரம் 219 மீற்றர். புதியவருக்கு அந்த 219இல் அடிவாரத்திலுள்ள சிறு சாய்வுதான் பயன்படும். காலையில் போய்ச் சேர்ந்து, வாடகைப் பொருளுக்கு வரிசையில் நின்று, காலை அசையவிடாத கனத்த பூட்ஸை மாட்டி, பாடம் கற்று, சரிவின் மேலே கொண்டுபோகும் நகரும் பட்டியில் ஏறி இறங்கிப் பழகும்போது பிற்பகல் இரண்டாகிவிடும். தொடைத்தசை அதற்குமேல் ஒத்துழைக்காது. அன்று மழை பெய்தாலும் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. செயற்கைப் பனியை இயந்திரத்தால் தூவுவதால் நகரில் பனி இல்லாதபோதும் மலையில் இருக்கும் என்பது இதற்கு உள்ள ஒரு சாதகம். பாட்டியும் தாத்தாவும் தேநீர்க்கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

மறைந்திருக்கும் மிகப்பெரிய செலவு காப்புறுதியில் இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல குளிர்கால விளையாட்டுகளை விலக்கிவைக்கின்றன. கொழும்பில் காப்புறுதி எடுக்கும்போதே ஸ்கீ உள்ளடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு, தேவையானால் மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளவேண்டும். முகவர் வாயால் "எல்லாம் அடங்கும்" என்று சொல்வது போதாது.

ஆசையை விடமுடியாதவர்களுக்கு இடைப்பட்ட வழி இருக்கிறது. நகருக்குள்ளேயே ஏர்ல் பேல்ஸ் பூங்காவிலும் எற்றோபிக்கோவின் சென்ரெனியல் பூங்காவிலும் மாநகரசபை நடத்தும் சிறு ஸ்கீச் சரிவுகள் உள்ளன. பாடமும் வாடகையும் அங்கேயே கிடைக்கும். புதியவர் பயன்படுத்தும் சாய்வு எங்கும் ஒரே அளவுதான் என்னும்போது, அதற்காக இருநூறு கிலோமீற்றருக்கு அருகாக ஓடவேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை. பழகாமலே வேகத்தை மட்டும் விரும்பும் பிள்ளைகளுக்கு, பாரி நகரை அடுத்த ஸ்னோ வலியில் காற்றடைத்த வளையத்தில் சறுக்கலாம். சமதரையில் உந்திச் செல்லும் நெடுந்தூர ஸ்கீ வேறு வகை: பாரிக்கு அருகே ஹார்ட்வூட்டில் அதற்கான பாதைகள் உண்டு, விழுந்தாலும் அடி குறைவு, மலைச் சறுக்கைவிடச் செலவும் குறைவு. காலிமுகத்திடலிலோ சுதந்திர சதுக்கத்திலோ தினமும் வேகநடை போகும் நடுத்தர வயதினருக்கு மலைச் சறுக்கைவிட அதுவே பொருந்தும். என்னைக் கேட்டால் ஸ்கீ வகைகளில் முதலில் முயலவேண்டியதும் அதுதான்.

மலைச் சறுக்கு எப்போது சரியான தெரிவு? ஒரு மாதத்துக்கு மேல் தங்கி மூன்று நான்குமுறை போகக்கூடியவருக்கு, பதின்ம வயதினருக்கு, தானே ஸ்கீ தெரிந்த உறவினர் கூட இருப்பவருக்கு. இவர்களும் சாதாரண வேலைநாளில் போனால் கூட்டமும் கட்டணமும் குறையும்.

நயாகராவும் ஒட்டாவாவும்

நயாகரா பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒன்றரை மணிநேரப் பயணம். நீர்த்திவலை மரங்களிலும் கைப்பிடிகளிலும் படிந்து உறைந்து நிற்கும் காட்சி கோடையில் கிடைக்காதது. ஆனால் அதே திவலை உடையிலும் படியும், நடைபாதையும் வழுக்கும். ஒரு மணிநேரம் பார்த்துத் திரும்பும் பயணமாக வைத்துக்கொண்டால் பெரியவர்களும் வரலாம்.

ஒட்டாவா கனவுகளை வளர்க்கும் இடம். ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு இயற்கையாக உறையும் நீரின்மேல் நகரத்தின் நடுவே சறுக்கிச் செல்வது, ஸ்கேற்றிங் ஓரளவு பழகியவருக்கு மறக்கமுடியாத அனுபவம். ரொறன்ரோவிலிருந்து 450 கிலோமீற்றர், ஒரிரவாவது தங்கவேண்டும். ஆனால் அது இயற்கைப் பனியை நம்பியது. 2022–23 குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லாமல், தொடங்கிய காலத்திலிருந்து முதன்முறையாக ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. திறந்துவிட்டது என்ற அறிவிப்பைப் பார்த்தபின் பஸ் பதிவதே புத்திசாலித்தனம். கொழும்பிலிருந்து விடுதி பதிந்துவைப்பது சூதாட்டம்.

ஒரே பார்வையில்

| தெரிவு | அன்று காலை முடிவெடுக்கலாமா | பனி இல்லாவிட்டால் | பெரியவர்களுக்கு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நடை | ஆம் | நடக்கலாம் | முள்வலையோடு ஏற்றது | முள்வலை |
| ஸ்கேற்றிங் | ஆம் | தடையில்லை | பார்வையாளராக, சிறிது நேரம் | சப்பாத்து, கூர்தீட்டல் |
| சறுக்குவண்டி | ஆம், அன்றே போகவேண்டும் | முடியாது | காருக்குள் இருந்து | பனிக்காற்சட்டை, மாற்றுக் கையுறை |
| மலைச் சறுக்கு | இல்லை | செயற்கைப் பனியில் முடியும் | பொருந்தாது | காப்புறுதி, வீட்டுக்காரரின் நாள் |
| நெடுந்தூர ஸ்கீ | ஓரளவு | வடக்கே போகவேண்டும் | நடுத்தர வயதினருக்கு | கார்ப் பயணம் |
| ஒட்டாவா | இல்லை | மூடியிருக்கலாம் | நடந்து பார்க்கலாம் | தங்குமிடம் |

யாருக்கு எது

டிசம்பரில் இரண்டு வாரம் போகும் குடும்பம், வேலைநாள் முற்பகல்களில் ஸ்கேற்றிங்கையும் வெயில் நாட்களில் நடையையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, பனி விழுந்தால் உடனே சறுக்குவண்டிக்கு மாறிக்கொள்ளட்டும்; ஸ்கீயைத் திட்டத்திலேயே சேர்க்கவேண்டாம். பெப்ரவரியில் மூன்று வாரம் இருப்பவர்கள் முதல் வாரத்தில் எதையும் பதியாமல் உடையையும் குளிரையும் பழகிக்கொண்டு, இரண்டாம் வாரம் நெடுந்தூர ஸ்கீயையோ நகருக்குள் உள்ள சரிவையோ முயன்று பார்த்து, அதன்பின் விருப்பமிருந்தால் மலைக்குப் போகலாம். பெப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை ஒன்ராறியோவில் குடும்ப நாள் விடுமுறை. வீட்டுக்காரருக்கு அன்று ஓய்வு என்பதால் பலர் அந்த வார இறுதியையே மலைக்கு ஒதுக்குகிறார்கள். மாகாணத்தில் பாதிப் பேரும் அதையே செய்வதால் வரிசை மிக நீளம். அந்த நாளைச் சறுக்குவண்டிக்கும், திரும்பி வந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் ஒடியல் கூழுக்கும் வைத்துக்கொள்வது மேல்.

முதியவர்களை மட்டும் அழைத்துச் செல்பவர்களுக்கு நடையும் ஒரு நயாகராப் பயணமும் போதும். ஆனால் காலையில் வாசலில் குவிந்த பனியைக் கண்டதும் மண்வாரியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு இறங்கும் மாமாமாரைத் தடுத்துவிடுங்கள். பழக்கமில்லாத உடல், கடும் குளிர், திடீர்ப் பாரம் மூன்றும் சேரும்போது மாரடைப்பு வரும் ஆபத்து உண்மையானது. பயணக் காப்புறுதியில் முன்னரே இருக்கும் இருதய நோய் விலக்கப்பட்டிருப்பதும் சாதாரணம்.